உப்பு விளையும் மாதத்தில் சிநேகிதி வீட்டுக்குப் போனேன்

பழைய சிநேகிதியைப் பார்க்கப் போவதென்றால் அவளுக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போவதுதான் வழக்கம். நான் அவளுக்கு வேலை மும்முரமாக இருந்த மாதத்தில் போனேன். யோசித்துத்தான் போனேன். இப்போது யார் கேட்டாலும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் திருச்சியில் வேதியியல் படித்தவர்கள். விடுதியில் ஒரே அறை. அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் வேதாரண்யம். கணவர் குடும்பத்துக்குச் சின்னதாக ஓர் உப்பளம் உண்டு. நான் சென்னையில் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். படிப்பு முடிந்த பிறகு நாங்கள் சந்தித்ததெல்லாம் கல்யாண மண்டபங்களில்தான். மண்டபத்தில் என்ன பேச முடியும்? பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், புடவை எங்கே எடுத்தாய். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நேரில் வரட்டுமா என்று கேட்டபோது, "ஐப்பசி, கார்த்திகையில வாடி. மழை வந்துட்டா எனக்கு வேலையே கிடையாது" என்றாள். அங்கே உப்பு விளைவது ஏறக்குறைய தை மாதத்திலிருந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வரைக்கும்தான். மழை வந்தால் பாத்திகளில் தண்ணீர் தேங்கி எல்லாம் நின்றுவிடும். ஆனால் வேலை இல்லாத அந்த மாதங்கள் அந்த ஊருக்கு நிம்மதியான மாதங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். புயல் வருகிற மாதங்களும் அவைதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது அவர்கள் ஊரை ஒட்டித்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை விருந்தாளியாகப் போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

"நீ அளத்துக்குப் போற நாள்லயே வரேன். உன்கூட வரட்டுமா? இடைஞ்சல்னா இப்பவே சொல்லிடு" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் கேட்டாள்: "காலைல நாலரைக்கு எழுந்திருப்பியா?"

"எழுந்திருப்பேன்."

"அப்ப வா."

அந்த போன் பேச்சிலேயே இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டேன். வருகிற நேரத்தோடு திரும்புகிற நேரத்தையும் சொன்னேன். வியாழன் மதியம் வருவேன், வெள்ளி சாயங்காலம் கிளம்புவேன், சீட்டு எடுத்தாயிற்று. நம் வீடுகளில் வந்தவரிடம் "எப்பக் கிளம்புறீங்க" என்று கேட்க முடியாது. அதனால் வருகிறவர்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை வேளை சமைப்பது, யார் எங்கே படுப்பது என்ற கணக்கு சுலபமாகிவிடும். இரண்டாவது, "நீங்க தினமும் என்ன சாப்பிடுறீங்களோ அதுதான் எனக்கும்" என்றேன். இதை அவளிடம் சொன்னால் மட்டும் போதாது. அவளுடைய மாமியாரிடமும் போனைக் கொடுக்கச் சொல்லி நானே சொன்னேன்.

என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் எல்லோரும் சொல்கிற பதில் உங்களுக்கே தெரியும்: "ஒண்ணும் வேணாம், நீ வந்தா போதும்." நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "டவுனுக்குப் போறப்ப வாங்கணும்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கிற சாமான் எது?" உடனே சிரித்துவிட்டாள். உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் உடைந்துவிட்டதாம், பக்கத்து அளத்திலிருந்து இரவல் வாங்கித்தான் சமாளித்துக்கொண்டிருக்கிறாள். சென்னையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் அதை வாங்கி, ஒரு துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ஸ்வீட் டப்பாவைக் கையில் கொடுத்திருந்தால் அவள் முகத்தில் அந்த மலர்ச்சியைப் பார்த்திருக்க மாட்டேன். பையனுக்கு ஒரு புத்தகம், மாமியாருக்குப் பூப்போட்ட பருத்திப் புடவை. அவ்வளவுதான்.

போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் நிறைய உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை போகும் 37 கிலோமீட்டர் ரயில் பாதையை அகலப்பாதையாக்கி 2023 ஏப்ரலில் மறுபடி திறந்திருக்கிறார்கள். ஆனால் அதில் வண்டிகள் குறைவு. நேரம் ஒத்துவந்தால் அதில் போகலாம். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

வீட்டுக்குள் போனதும் சிநேகிதியைத் தேடி நேராக அடுக்களைக்குள் நுழையத் தோன்றும். நான் திண்ணையில் அவளுடைய மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வாம்மா, வெயில்ல வந்திருக்க, தண்ணி குடி" என்று தொடங்கிய பேச்சு தானாகவே கஜா புயலுக்குப் போய்விட்டது. அந்த ஊரில் பெரியவர்களிடம் பேசினால் அங்கேதான் போய் நிற்கும். தென்னை எல்லாம் சாய்ந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது, அளம் முழுக்கச் சேறு ஏறியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "அம்பாரமாக் குவிச்சிருந்த உப்பும்மா. ராவோட ராவாத் தண்ணியாப் போச்சு." அடுத்த வருஷம் பாத்திகளைச் சீர்செய்து திரும்ப மிதித்துக் கெட்டியாக்க வாங்கிய கடன் சமீபத்தில்தான் அடைந்ததாம். அதையும் அவரே சொன்னார். அதற்கு முன்பு சிநேகிதி என்னிடம் அந்தக் கடனைப் பற்றி வாய் திறந்ததில்லை. பெரியவர்களோடு உட்காருவது மரியாதைக்காக மட்டும் இல்லை. அந்த வீட்டில் நம் சிநேகிதி எதையெல்லாம் தாங்கியிருக்கிறாள் என்று அவள் சொல்லாததை அவர்கள்தான் சொல்வார்கள்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. விடுதிக் கதைகளை அந்த வீட்டு ஆட்கள் முன்னால் நீங்களாக எடுக்காதீர்கள். எதை அங்கே சொல்லியிருக்கிறாள், எதைச் சொல்லவில்லை என்று நமக்குத் தெரியாது. அவளாக எடுத்தால் சேர்ந்து சிரிக்கலாம்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். திருவாரூர் தேரழகு என்று தொடங்கும் பேச்சுவழக்கில் வேதாரண்யம் விளக்கழகு என்று வரும்; அந்த விளக்கு வெளிச்சத்தைப் பார்க்கச் சாயங்காலம்தான் போக வேண்டும். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போனதாகச் சொல்லப்படும் கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி மூடியதும் இந்தக் கோயிலில்தான். அப்பருக்குக் கதவு திறக்க நேரமாயிற்று, சம்பந்தர் முதல் பாட்டைப் பாடியதுமே அடைத்துக்கொண்டது என்று கதை. கதவுக்கு முன்னால் நின்று அதைச் சொன்னபோது, "எனக்கு அப்பரைத்தான் பிடிக்கும். திறக்கறவரைக்கும் நின்னு பாடினார் பாரு" என்றாள். அவளுடைய குரலில் ஒரு சொந்தம் தெரிந்தது. கல்யாணமாகி வந்த ஊர் என்று நான் இன்னமும் நினைத்துக்கொண்டிருந்த ஊர் அவளுக்கு எப்போதோ சொந்த ஊராகிவிட்டிருந்தது.

கோடியக்கரைக்கும் கூட்டிப்போகிறேன் என்றாள். 1967இல் சரணாலயமாக அறிவித்த இடம், வெளிமான்கள் உண்டு. பூநாரை உள்ளிட்ட வலசைப் பறவைகளுக்கு மழைக்கும் குளிருக்கும் உரிய மாதங்களில்தான் வர வேண்டும். நான் வேண்டாம் என்றேன். சுற்றிக் காட்டுவதில் அவளுடைய நாள் முழுக்கப் போய்விடும். வண்டியில் முன்னும் பின்னும் உட்கார்ந்து எதையும் பேச முடியாது. குறுகிய பயணத்தில் ஒரே ஓர் இடம் போதும். அதுவும் அவள் வழக்கமாகப் போகிற இடமாக இருந்தால் நல்லது.

இரவு ஒன்பது மணிக்கெல்லாம் அவள் கண் சொக்கியது. விடிய விடியப் பேசுவோம் என்ற கனவோடுதான் எல்லோரும் போகிறோம். நாலரைக்கு எழுந்து பன்னிரண்டு பேர் வேலையை மேய்க்கிறவளை அப்படி விழிக்கவைப்பது நியாயமில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம்.

அளத்துக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முழுக்கை பருத்திச் சட்டையும் தலைக்குத் துண்டும் அவசியம். கறுப்புக் கண்ணாடி அதைவிட அவசியம். சூரியன் கொஞ்சம் மேலே வந்ததும் வெள்ளை உப்பிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் உப்புத் தண்ணீர் பட்டால் எரியும். அதனால் பழைய ரப்பர் செருப்போ பூட்ஸோ போட்டுக்கொள்ளுங்கள். குடிக்கிற தண்ணீரை நீங்களே கொண்டுபோக வேண்டும். அந்த வெளியில் நிழல் என்று எதுவும் கிடையாது. வேலை செய்யும் பெண்களில் பலர் இதில் பாதி வசதிகூட இல்லாமல்தான் தினமும் நிற்கிறார்கள்.

இருட்டு பிரியாத நேரத்தில் வரப்பில் அவள் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிமாறிப் போகிற வரிசையைக் காட்டினாள். அடர்த்தியை டிகிரி போமே என்ற அளவில் சொல்வார்கள்; கடல்நீர் உள்ளே வரும்போது 3, 3.5 டிகிரி இருக்கும். வெயிலும் காற்றும் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச அடர்த்தி ஏறும். முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரியை ஒட்டித்தான் நாம் சாப்பிடும் உப்பு, சோடியம் குளோரைடு, இறங்கத் தொடங்கும். அதனால்தான் ஜிப்சத்தை முன் பாத்திகளிலேயே விட்டுவிட்டு, 25ஐ நெருங்கிய தண்ணீரை மட்டும் உப்புப் பாத்திக்குத் திறந்துவிடுகிறார்கள். 29, 30ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படியும். உப்பு கசக்கும், மூட்டையில் ஈரம் இழுத்துக் கசியும். அதற்கு முன் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும்.

புது ஹைட்ரோமீட்டரை எடுத்து மிதக்கவிட்டாள். பக்கத்தில் நின்றிருந்த ஒரு வயதான தொழிலாளி பாத்தித் தண்ணீரை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, "இருபத்தாறு இருக்கும் தாயி" என்றார். கருவியும் ஏறக்குறைய அதையே காட்டியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமை அவர்மேல். அதை என்னிடம் காட்ட முடிந்த சந்தோஷமும் அதில் இருந்தது.

பாத்தியின் மேல் பாலாடை போல உப்பு மிதக்கத் தொடங்கியிருந்தது. படிகம் பெரிதாக வளர வேண்டுமென்றால் தண்ணீரை எந்த ஆழத்தில் வைப்பது, காற்று வேகமாக அடித்தால் என்ன ஆகும், ஒரு தூறல் விழுந்தால் எவ்வளவு பின்னால் போவோம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். கரைதிறனைப் பற்றிய பேச்சு எங்கள் பழைய ஆய்வகத்துக்கும் என் இன்றைய வேலைக்கும் அவளுடைய பாத்திக்கும் மாறிமாறிப் போனது. நடுவில் நின்று, "இப்படிப் பேசி எத்தனை வருஷம் ஆச்சுடி" என்றாள். "வீட்டுக்காரர் நல்லவர். எல்லாத்தையும் கேப்பார். ஆனா இதுல ஒரு சந்தோஷம் இருக்குன்னு சொன்னா அவருக்குப் புரியாது. உனக்குப் புரியும்."

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் பேச்சு வரும்போதெல்லாம் "நல்லாப் படிச்ச பொண்ணு, இப்படி ஆயிடுச்சு" என்று யாராவது எழுதுவார்கள். எனக்கு அதைப் படித்தாலே கோபம் வரும். எங்கள் வகுப்பில் படித்தவர்களில் படித்த வேதியியலைத் தினமும் கையால் தொட்டு வேலை செய்கிறவர்களை எண்ணிவிடலாம். அவளுக்குக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மழை தூறி வேலை நின்ற நாளில் ஆட்களுக்கு என்ன கொடுப்பது, விலை இறங்கும்போது அம்பாரத்தை எத்தனை நாள் தாங்குவது, பையனை இந்தத் தொழிலில் இழுப்பதா வேண்டாமா, எல்லாவற்றையும் அந்த வரப்பில் நடந்துகொண்டேதான் சொன்னாள். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டிருந்தால் "நல்லா இருக்கேன்டி" என்று முடித்திருப்பாள். அவளுடைய கை வேலையில் இருந்தது, கண் பாத்தியில் இருந்தது. அதனால் வாய் தானாகப் பேசியது. யாரையாவது பார்க்கப் போய் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று நினைத்தால் அவர்களுடைய வேலைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கடை என்றால் கல்லாவுக்குப் பக்கத்தில், வயல் என்றால் வரப்பில்.

அங்கே நின்றுகொண்டு யோசனை சொல்லும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். அவளைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் "பாக்கெட் போட்டு ஆன்லைன்ல வித்துடலாமே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். 2006 முதல் நாம் நேரடியாகச் சாப்பிடுவதற்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்கக் கூடாது என்ற விதி நாடு முழுவதும் இருக்கிறது. அயோடின் கலக்கும் இயந்திரம், பரிசோதனை, உரிமம் என்று அது தனித் தொழில். சின்ன அளத்துக்காரர்கள் பெரும்பாலும் லாரிக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் அவள் யோசிக்காமலா இருந்திருப்பாள்? "ஏன் இப்படிச் செய்யல" என்று கேட்பதற்குப் பதிலாக "இதுல எது உனக்குக் கஷ்டமா இருக்கு" என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள். கடைசியில் நான் செய்யக்கூடியது ஒன்று கிடைத்தது. தண்ணீர் மாதிரியில் மெக்னீசியம் எவ்வளவு என்று சின்னச் செலவில் அளந்து பார்க்கும் முறையை எழுதி அனுப்பச் சொன்னாள். எனக்குத் தெரிந்த வேலை அது. வீட்டுக்கு வந்த வாரமே அனுப்பினேன்.

காலைச் சாப்பாடு அளத்திலேயே. பழைய சோறு, சுட்ட கருவாடு, சின்ன வெங்காயம். வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். மழை மாதங்களுக்காக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்குத் தரும் 5,000 ரூபாய் நிவாரணத்துக்கு யார் யார் பெயர் சேர்ந்திருக்கிறது, யாருக்கு இன்னும் விடுபட்டிருக்கிறது என்று அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகு அந்தப் பெண்களில் ஒருவரே "எங்களையும் ஒரு போட்டோ எடுங்க" என்றார். எடுத்தேன், பிரதி போட்டு அனுப்பியும் வைத்தேன். அனுப்புவேன் என்று சொல்லி எடுக்கும் படங்களை அனுப்பிவிட வேண்டும். நம் சிநேகிதி அங்கேயே இருக்கப்போகிறவள். நாம் சொன்ன வார்த்தைக்கு அவர்கள் அவளைத்தான் கேட்பார்கள்.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு, நடந்தே 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார். 30ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். அவர்கள் கிளம்பியது டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து, எங்கள் திருச்சிக் கன்டோன்மென்டில். அந்தப் பக்கமாக நாங்கள் எத்தனையோ தடவை நடந்திருக்கிறோம். தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் என்பவர் இவர்களுக்கு யாரும் சோறோ தங்க இடமோ கொடுக்கக் கூடாது, கொடுத்தால் சிறை என்று உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியில் இருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். வந்தவர்கள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு நடந்தார்கள். விருந்தோம்பல் என்றால் இதைவிட உயர்வாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளும் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பொட்டலங்களைத்தான் நினைப்பாளாம்.

மதியம் மீன் குழம்பு. அவள் அரைத்தாள், நான் வெங்காயம் உரித்தேன், மாமியார் புளி கரைத்தார். கிளம்பும்போது "அடிக்கடி வா", "கண்டிப்பா வரேன்" என்ற பேச்சோடு நிறுத்த எனக்கு மனமில்லை. ஏதாவது ஒன்றைத் தேதியோடு பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு வேலை இல்லாத மழை மாதத்தில் அவள் சென்னைக்கு வருவது என்று முடிவாயிற்று. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் எதுவும் இல்லாத வாரமாகப் பார்க்க வேண்டும் என்று மாமியார் நிபந்தனை போட்டார். நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அவள் நிபந்தனை போட்டாள். வெளியாளை உள்ளே கூட்டிப்போக மேலாளரிடம் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பையனின் பரீட்சைத் தேதி தெரிந்ததும் அவளுக்குச் சீட்டு எடுக்க வேண்டும்.